உங்களுக்குத் தெரியுமா? ஓடுகிற சொற்கள்

ஜெர்மன் மொழியில் நாமக்கல்லிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் 'போக' முடியாது. காலால் நடந்து போவதற்கு 'கேயென்' என்று ஒரு வினை இருக்கிறது. வண்டியில் ஏறிப் போவதற்கு 'ஃபாரென்' என்று இன்னொரு வினை. பஸ், ரயில், கார், சைக்கிள், கப்பல் எதுவானாலும் ஃபாரென்தான். விமானம் என்றால் அதற்கும் தனியாக 'ஃப்ளீகென்', அதாவது பறத்தல். 'நாளைக்குச் சென்னைக்குப் போறேன்' என்று நாம் சொன்னால் 'எதுலீங்க போறீங்க?' என்று மறுகேள்வி வரும். ஜெர்மானியர் அந்தப் பதிலில் பாதியை வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்.

செவிலியர் வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஜெர்மன் படிக்கிறார்கள். அவர்கள் முதலில் இடறும் இடங்களில் இந்த ஃபாரென் ஒன்று. அதனால் இந்த வாரப் பகுதி முழுவதும் ஓடுவது, நடப்பது, போவது பற்றித்தான். ஜெர்மனியில் தொடங்கினாலும் பெரும்பாலும் நம் சமவெளியிலேயே சுற்றி வருவோம்.

●

ஃபாரெனுக்கு வண்டியோடு எந்த ஒப்பந்தமும் முதலில் கிடையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஜெர்மனில் 'ஃபாரான்' என்றால் எப்படியாவது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது, அவ்வளவுதான். நடந்து போனாலும் ஃபாரான், குதிரையில் போனாலும் ஃபாரான். பிற்காலத்தில்தான் வண்டிப் பயணம் என்று பொருள் சுருங்கியது. ஆங்கிலத்தில் விடைபெறும்போது சொல்லும் 'ஃபேர்வெல்' அந்தப் பழைய பொருளை இன்னும் வைத்திருக்கிறது. 'நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்' என்ற வாழ்த்து அது. நாம் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்கு நடத்தும் ஃபேர்வெல் விழாவின் பெயருக்குள் இப்படி ஒரு பயணம் உட்கார்ந்திருக்கிறது.

●

பிராங்க்பர்ட் என்ற ஊர்ப்பெயரும் ஃபாரெனுக்குச் சொந்தக்காரர்தான். 'ஃபுர்ட்' என்றால் ஆற்றை இறங்கிக் கடக்கும் ஆழமில்லாத துறை. ஃபிராங்க் இனத்தார் மைன் ஆற்றைக் கடந்த துறை பிராங்க்பர்ட் ஆயிற்று. எர்ஃபுர்ட் என்ற ஊரின் கடைசிப் பாதியும் இதே சொல். ஆற்றைக் கடக்க உதவும் படகுக்கு ஜெர்மனில் 'ஃபேரெ', ஆங்கிலத்தில் 'ஃபெரி'.

இந்தக் குடும்பத்தின் வேர், 'கடந்து செல்' என்ற பொருளுடைய மிகப் பழைய இந்தோ ஐரோப்பிய வேர். அதே வேர் சமஸ்கிருதத்தில் 'பார' என்று வந்து 'மறுகரை' என்ற பொருளைப் பெற்றது. மறுகரை தெரியாத அளவுக்குப் பரந்தது 'அபார'. கிரிக்கெட்டில் நம் சேலத்து நடராஜன் யார்க்கர் போட்டவுடன் நாம் 'அபாரம்!' என்று கத்துகிறோமே, அந்தச் சொல் பிராங்க்பர்ட்டுக்குத் தூரத்து உறவு.

லாரியில் ஏற்றும் பாரம் இதில் சேராது. தமிழில் எழுத்து ஒன்றுபோல இருந்தாலும் அது 'சுமத்தல்' என்ற வேறு வேரிலிருந்து வந்தது. நோயாளியைத் தூக்கிச் செல்லும் கட்டிலை ஜெர்மனில் 'பாரெ' என்பார்கள். சுமையைக் குறிக்கும் நம் பாரத்துக்கு அதுதான் உறவு.

●

சேலம், நாமக்கல் சமவெளியில் மிக அதிகமாக உழைக்கும் வினைச்சொல் எது என்று என்னைக் கேட்டால் 'ஓடு' என்றுதான் சொல்வேன். வேறு எந்தச் சொல்லும் அதற்குப் பக்கத்தில் வராது.

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் 'தறி ஓடுதுங்களா?' என்று கேட்டால் தொழில் எப்படி இருக்கிறது என்று பொருள். தறியில் வேலை செய்பவர் தறி 'ஓட்டுகிறார்'. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி வைத்திருப்பவரிடம் நலம் விசாரித்தால் 'ஓட்டமே இல்லீங்க' என்பார். வண்டி பழுது என்று அர்த்தம் இல்லை. லோடு கிடைக்காமல் நிற்கிறது என்று அர்த்தம். திருச்செங்கோட்டுக்காரர்களின் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் போய், ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் போய், ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. அங்கேயும் இதே வினை. 'ஆயிரம் அடி ஓட்டியும் தண்ணி வரலை' என்ற வாக்கியத்தைக் கேட்காத விவசாயி இந்தப் பக்கம் இருக்க மாட்டார். இந்த ஓட்டம் கீழ்நோக்கிய ஓட்டம், பாறைக்குள் இறங்கும் ஓட்டம்.

காட்டில் உழவு ஓட்டுகிறோம். மோட்டார் வருவதற்கு முன்னால் மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தார்கள். நெசவில் பாவு ஓட்டுகிறார்கள். வருமானம் குறைந்த மாதத்தில் 'ஏதோ ஓட்டிட்டு இருக்கேனுங்க' என்கிறோம். வியாபாரம் இல்லாத கடையில் ஈ ஓட்டுகிறார்கள். வயசுப் பையன்கள் ஒருவரை ஒருவர் 'ஓட்டுகிறார்கள்', அது கேலி. எதிர்பாராத செய்தி வந்தால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

இத்தனை பொருளும் ஒரே சொல்லுக்குள் அடங்கியதற்குக் காரணம் இந்த மண்ணின் பிழைப்பு என்று நினைக்கிறேன். மழை குறைந்த பூமி. நிலத்தை மட்டும் நம்பி உட்கார முடியாதவர்கள் தறிக்கும் லாரிக்கும் ரிக்குக்கும் போனார்கள். மூன்றுமே நின்றால் சோறு இல்லை.

●

ஜெர்மனில் இந்த 'ஓடு'வுக்கு மிக நெருக்கமானது ஃபாரென் இல்லை, 'லௌஃபென்'. காலால் ஓடுவது லௌஃபென். இயந்திரம் ஓடுவதும் லௌஃபென். தியேட்டரில் படம் ஓடுவதும் லௌஃபென்தான். குழாயில் தண்ணீர் ஓடுவதற்கும் அதுவே. தொழில் நன்றாகப் போகிறதா என்று கேட்டால், 'ஓடுது' என்று நாம் சொல்வதைப் போலவே 'லொய்ஃப்ட்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்வார்கள்.

ஒரு வேறுபாடு: சளி பிடித்தால் ஜெர்மானியர் மூக்கு 'ஓடும்', நம் மூக்கு ஒழுகும். இன்னொரு வேறுபாடு: ஜெர்மனியின் பல பகுதிகளில் லௌஃபென் என்பது சாதாரணமாக நடப்பதையும் குறிக்கும். 'ஸ்டேஷனுக்கு லௌஃபென் பண்ணலாம்' என்று யாராவது சொன்னால் மூச்சு வாங்க ஓடத் தேவையில்லை.

●

லௌஃபெனின் உடன்பிறப்பு ஆங்கிலத்தில் 'லீப்', அதாவது தாவுதல். இரண்டும் ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து பிரிந்தவை. ஒரு மொழியில் ஓட்டமாகவும் இன்னொன்றில் தாவலாகவும் நிலைத்தன. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். உயரம் தாண்டுபவர் ஓடி வந்துதான் தாவ வேண்டும். அந்தச் சொல்லின் இரண்டு பாதியும் அவருடைய ஒரே முயற்சியில் சேர்ந்துவிடுகின்றன.

●

'படம் ஓடுது' என்று சொல்லும்போது சேலத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லலாம். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னைக்கு வெளியே இருந்துகொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் அங்கிருந்துதான் வந்தது. 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். தொடக்க காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒளிப்பதிவாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். படச்சுருள் புரொஜெக்டருக்குள் உண்மையாகவே ஓடிய காலம் அது. அவர்கள் மொழியிலும் அந்தச் சுருள் 'ஓடியது', நம் மொழியிலும் ஓடியது.

●

ஓடு, ஓட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் கூடுதலாக வருவது ஒரு 'ட்' மட்டும். தானே செய்வது தன்வினை, பிறரைச் செய்ய வைப்பது பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆடு, ஆட்டு. கூடு, கூட்டு. மாறு, மாற்று. லாரி ஷெட்டுக்குப் போனால் இந்த இலக்கணம் கண்முன்னால் நடக்கும்: ஆள் லாரியில் ஏறுகிறார், மூட்டையை ஏற்றுகிறார், ஆள் இறங்குகிறார், மூட்டையை இறக்குகிறார். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ஏற்றுமதி, இறக்குமதி எல்லாம் அங்கிருந்து பிறந்தவை.

ஜெர்மனிலும் இதே வேலை நடந்திருக்கிறது. அங்கே மெய்யெழுத்து இரட்டிப்பதற்குப் பதில் நடு உயிரெழுத்து மாறும். 'ஃபாலென்' என்றால் விழு, 'ஃபெலென்' என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. 'ட்ரிங்கென்' என்றால் குடி, 'ட்ரெங்கென்' என்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டு. அதேபோல ஃபாரெனிலிருந்து வந்தது 'ஃப்யூரென்'. முதலில் அதன் பொருள் 'போகச் செய்'. பிறகு 'வழிநடத்து' என்று விரிந்தது. அதிலிருந்து வந்ததுதான் 'ஃப்யூரர்' என்ற சொல். ஹிட்லர் அதைத் தனக்குப் பட்டமாக வைத்துக்கொண்டதால் அந்தச் சொல்லின் மேல் கறை படிந்துவிட்டது. ஆனால் ஜெர்மனியில் டிரைவிங் லைசென்ஸுக்குப் பெயர் இன்றைக்கும் 'ஃப்யூரர்ஷைன்'.

நம் லைசென்ஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் உரிமம். ஓடு என்ற வினையிலிருந்து ஓட்டு, ஓட்டிலிருந்து ஓட்டுநர். அவர்கள் ஃபாரெனிலிருந்து ஃப்யூரென், ஃப்யூரெனிலிருந்து ஃப்யூரர். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று இருக்கும் இரண்டு மொழிகள் இந்த ஒரு அட்டைக்குப் பெயர் வைக்க ஒரே வழியில் போயிருக்கின்றன. எனக்கு இந்தப் பகுதியில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

பஸ்ஸில் இன்னொருவரும் இருக்கிறார். ஓடுவதை ஓட்டுபவர் ஓட்டுநர் என்றால், நடப்பதை நடத்துபவர் நடத்துநர். நம் அரசுப் பேருந்தின் இரண்டு ஊழியர்களுக்கும் பெயர் தந்தவை கால்கள்.

●

லாரித் தொழிலில் ஒரு போக்குவரத்துக்கு 'நடை' என்று பெயர். 'இந்த மாசம் எத்தனை நடை அடிச்சீங்க?' என்று கேட்பார்கள். மணல் வண்டிக்கும் நடைதான், தண்ணீர் வண்டிக்கும் நடைதான். சக்கரம் உருண்டாலும் கணக்கு நடையில்.

ஜெர்மனில் 'கேயென்' வினையின் பெயர்ச்சொல் 'காங்'. நடை என்றே பொருள். ஜெர்மன் டிரைவருக்கு 'முதல் காங்', 'இரண்டாம் காங்' என்றால் என்ன தெரியுமா? முதல் கியர், இரண்டாம் கியர். வண்டியின் நடையை மாற்றுவது கியர் என்று எண்ணியிருக்கிறார்கள். விருந்தில் அடுத்தடுத்துப் பரிமாறும் உணவு வரிசைக்கும் காங் என்பார்கள். ஆங்கிலத்தில் ரவுடிக் கூட்டத்தைக் குறிக்கும் 'கேங்' இதே சொல். ஆதியில் 'நடத்தல்', பிறகு 'சேர்ந்து நடப்பவர்கள்'.

நம் நடையும் சும்மா இல்லை. எழுத்தாளருக்கு இருப்பது உரைநடை. கோயிலில் திறப்பதும் சாத்துவதும் நடை. கூரையே இல்லாமல் வானம் பார்த்து நிற்கும் நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி உயரம். அவருக்கும் நடை சாத்தும் நேரம் உண்டு.

●

ஊர் சேர நடக்கும்போது களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடும் பாட்டுக்குத் தமிழில் தனி வகையே இருக்கிறது: வழிநடைச் சிந்து. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகிகள் கிளம்பினார்கள். சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர் ராஜாஜி. அந்தத் தொண்டர்கள் வழி நெடுகப் பாடிய பாட்டை எழுதியவர் மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. ஏறத்தாழ 150 மைல் நடை, 15 நாளில். ஜெர்மானியருக்கும் 'வாண்டர்லீட்' என்று நடைப்பாட்டு மரபு உண்டு, காடு மலை சுற்றும்போது பாடுவது. போலீஸ் தடியடிக்கு நடுவே பாடி நடந்த நம் பாட்டின் கனம் வேறு.

●

செலவு என்றால் சங்க இலக்கியத்தில் பணம் இல்லை, பயணம். 'செல்' என்ற வினையிலிருந்து வந்தது. பொருள் தேடக் கிளம்பிய தலைவன், தலைவி படும் துயரத்தைப் பார்த்துக் கிளம்பாமல் நிற்பதற்குச் 'செலவழுங்குதல்' என்று துறைப்பெயர். பிற்காலத்தில் கையை விட்டுச் செல்லும் பணத்துக்கு அந்தப் பெயர் போயிற்று. கைக்கு வருவது வரவு. அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம் வரை இந்த வா, செல் இரண்டும்தான் நடத்துகின்றன.

இப்போது ஆங்கிலத்தில் பஸ் கட்டணத்துக்குச் சொல்லும் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாரெனின் நேரடிச் சொந்தம் அது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் பயணம். பிறகு பயணத்துக்குக் கொடுக்கும் காசு ஆயிற்று. பயணம் பணமாக மாறிய அதே கதை! நாம் சொல்லும் 'வழிச்செலவு' என்ற சொல்லில் பழைய பொருளும் புதிய பொருளும் சேர்ந்தே நிற்கின்றன.

●

ஃபாரென் குடும்பத்துக் குழந்தைகள் சிலர்:

அனுபவத்துக்கு ஜெர்மனில் 'எர்ஃபாரூங்'. ஊர் ஊராகப் பயணம் போய் அடைந்தது என்பது அதன் பழைய பொருள்.

முன்னோர்களுக்கு 'ஃபோர்ஃபாரென்'. நமக்கு முன்னால் போனவர்கள்.

வேலை 'முடிந்தது', 'தயார்' என்பதற்கு 'ஃபெர்டிஷ்'. பயணத்துக்கு ஆயத்தம் என்று தொடங்கிய சொல்.

சைக்கிள் 'ஃபார்ராட்', போகும் சக்கரம். லிஃப்ட் 'ஃபார்ஷ்டூல்', போகும் நாற்காலி. டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போவது 'ஷ்வார்ட்ஸ்ஃபாரென்', கறுப்புப் பயணம்.

●

ரயிலுக்கு ஜெர்மனில் 'ட்ஸூக்'. இழு என்று பொருள்படும் 'ட்ஸீயென்' வினையிலிருந்து வந்தது, ஆக ரயில் என்றால் இழுப்பு. சதுரங்கத்தில் காய் நகர்த்துவதும், ஜன்னல் இடுக்கில் வரும் குளிர்காற்றும், ஊர்வலமும் எல்லாம் ட்ஸூக்தான். நம் ஊர் ரயிலுக்கு வருவோம். நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் செயல்படத் தொடங்கியது. ஆனால் நாமக்கல் வழியாகச் சேலம், கரூர் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 2013இல். மாவட்டத் தலைநகர் ஆன பிறகும் பதினாறு வருஷம் லாரி ஊருக்கு ரயில் இல்லை.

●

டீசல் ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியும். எந்த ஊரில் அந்த இன்ஜின் ஓடியது என்பது தெரிந்திருக்காது. ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் 1897இல் தன் இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1954இல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரத்தோடு வந்த அந்த வண்டிகளை நம் ஊரில் 'பென்ஸ் லாரி' என்றே சொன்னார்கள். கூட்டு முடிந்து டாடா பெயரில் வந்த வண்டியையும் பழைய டிரைவர்கள் பென்ஸ் என்றே கூப்பிட்டார்கள். நாமக்கல்லில் பாடி கட்டும் தொழிலில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கம்பெனியிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். கேபினும் பின்பக்கமும் இங்கே மரத்திலும் தகட்டிலும் கட்டுவார்கள். எல்பிஜி டேங்கர் லாரிகளுக்கும் இந்த ஊர் பெயர் பெற்றது.

●

தமிழ் வினைச்சொற்களை ஐரோப்பியருக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஜெர்மானியர் பங்கு பெரிது. பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. பிராங்க்பர்ட்டுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் 1711இல் பிறந்த ஃபப்ரிஷியஸ், சென்னை வேப்பேரியில் 1779இல் தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டார். பேச்சுவழக்குத் தொடர்களையும் சேர்த்துத் தந்த அகராதி அது. நூறு வருஷத்துக்கும் மேல் திருத்தித் திருத்தி அச்சடித்தார்கள். கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் கொண்டுவந்தார். இன்றைக்கு நம் பிள்ளைகள் ஜெர்மன் வினைகளை மனப்பாடம் செய்கிறார்கள். 300 வருஷத்துக்கு முன்னால் ஜெர்மானியர் இங்கே வந்து 'போ', 'ஓடு', 'நட' ஆகியவற்றை இதேபோல மனப்பாடம் செய்தார்கள்.

●

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. ஜெர்மனில் நடந்து முடிந்ததைச் சொல்ல 'ஹாபென்' (உடைமை) சேர்ப்பார்கள். ஆனால் இடம்பெயரும் வினைகளுக்கு 'ஸைன்' (இரு) சேர்க்க வேண்டும். 'வந்திருக்கேன்', 'போயிருக்கார்' என்று நாம் சொல்லும்போது உள்ளே இருக்கும் அதே 'இரு'தான். தமிழ்ப் பிள்ளைக்கு இது இயல்பாக வரும். சிக்கல் என்னவென்றால் நாம் 'சாப்பிட்டிருக்கேன்' என்பதற்கும் இரு போடுகிறோம். அங்கே சாப்பாட்டுக்கு ஹாபென்.

ஃபாரெனில் இன்னும் ஒரு நுட்பம். 'வண்டியில் போனேன்' என்றால் ஸைன். 'அந்த வண்டியை நான் ஓட்டினேன்' என்றால் ஹாபென். நாம் ஓடு, ஓட்டு என்று சொல்லை மாற்றிக் காட்டும் வேறுபாட்டை அவர்கள் துணைவினையை மாற்றிக் காட்டுகிறார்கள். இப்படி நினைவில் வைத்தால் தேர்வில் தவறாது.

●

வா, போ இரண்டையும் யாரை வைத்துச் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே வரையறுத்துவிட்டது. பேசுபவரை நோக்கியும் கேட்பவரை நோக்கியும் நடப்பதற்கு வருதல், தருதல். மூன்றாம் ஆளை நோக்கி நடப்பதற்குச் செல்லுதல், கொடுத்தல். அதனால்தான் போனில் 'உங்க வீட்டுக்கு வர்றேனுங்க' என்றும், அதே வீட்டைப் பற்றி வேறொருவரிடம் 'அவங்க வீட்டுக்குப் போறேன்' என்றும் சொல்கிறோம். ஜெர்மானியரும் கேட்பவரிடம் 'கோமெ', அதாவது 'வர்றேன்' என்றுதான் சொல்கிறார்.

●

சேலத்துத் தெருக்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் கேட்கும், நெசவு கொண்டுவந்து சேர்த்த மொழிகள். கன்னடத்தில் 'ஓடு' என்றால் நம் ஓடுதான், மலையாளத்தில் 'ஓடுக'. தெலுங்கில் 'ஓடு' என்றால் தோற்றுப்போ! போரில் முதுகு காட்டி ஓடியவன் தோற்றவன் என்ற எண்ணம் நம் பழைய பாடல்களிலும் இருப்பதுதான்.

ஓடத்தையும் இந்த ஓடுவோடு முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி அதைத் தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. ஓடம் என்றதும் இன்னொன்று: தறியில் இடமும் வலமும் ஓடுகிற நாடாவின் வடிவம் ஓடம் போலவே இருக்கும். ஜெர்மன் நெசவாளர் அதற்கு வைத்த பெயர் 'வேபர்ஷிஃப்ஷென்', நெசவாளரின் சின்னக் கப்பல்.

●

ஜெர்மனியில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அனுப்பும் பயோடேட்டாவுக்கு 'லேபென்ஸ்லௌஃப்' என்று பெயர். லேபென் வாழ்க்கை, லௌஃப் ஓட்டம்.

●

கிரிக்கெட் ரன்னுக்கு இலங்கைத் தமிழர் 'ஓட்டம்' என்றே சொல்கிறார்கள், வானொலியிலும் நாளிதழிலும். நாம் ரன் என்றே விட்டுவிட்டோம். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக முதல்முறை ஆடினார். அந்த ஓவர்களில் அவர் 'கொடுத்த ஓட்டம்' என்று எழுதியிருந்தால் நம் பக்கத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம்.

●

நாமக்கல் முட்டையின் ஓடு? அது இந்த ஓடு இல்லை. வீட்டுக்கு மேயும் ஓடு, ஆமை ஓடு, மண்டை ஓடு, முட்டை ஓடு எல்லாம் பெயர்ச்சொல், வேறு குடும்பம். முட்டை எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஓடு. அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக் கல்லில் இருப்பது. கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெலிந்து, லாரி ஓடும்போது உடையும்.